எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது

மால்பெர்ஷைட்டில் மனிதர்களைவிடக் கார்கள் நூற்றுப் பதினேழு அதிகம். இதை யாரும் பெருமைக்காகச் சொல்லவில்லை; மாவட்ட அலுவலகமே எண்ணிச் சொன்ன கணக்கு. ஜெர்மனியின் ஐஃபெல் மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சைக்கிள் பாதை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு வந்து, அந்தப் பாதையில் ஓட்டி முடித்து, மறுபடி காரின் முதுகில் கட்டிக்கொண்டு வீடு போனார்கள். அதன்பின் பேருந்தும் நின்றது. எல்லாரிடமும்தான் கார் இருக்கிறதே, பேருந்து எதற்கு என்று மாவட்டக் குழுவில் கேட்டவர் அதன் உறுப்பினர் வின்ஃப்ரீட் சிர்பெஸ். அதற்குப் பதில் வைத்திருந்தவர்கள் யாரும் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம் நடந்தது பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே, மாவட்ட நகரத்தில். போவதற்கு வண்டி இல்லை.

அப்படி விடுபட்டவர்களுக்காக வந்ததுதான் ஊர்வண்டி. தொண்டர்கள் கூலியில்லாமல் ஓட்டும் சிறிய வேன். தொண்டர் ஓட்டும் வண்டியில், ஓட்டுநரைத் தவிர, எட்டுப் பேர்தான் ஏறலாம். ஒன்பதாவது ஆள் ஏறினால் உரிமமும் செல்லாது, காப்பீடும் செல்லாது. ஆரம்பத்தில் பதினோரு தொண்டர்கள் இருந்தார்கள். ஒருவர் செத்தார், இருவர் ஊர் மாறினார்கள், ஏழு பேருக்குச் சொந்தக் கார் ஓட்டவே நேரம் போதவில்லை. மிஞ்சியவர் ஹூபர்ட் கிளிங்ஹாமர் ஒருவர்தான். எழுபத்து நான்கு வயது. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அந்த மாவட்டத்தில் எந்த வேலிக்கம்பு எத்தனை சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

முன் இருக்கையில், அவருக்குப் பக்கத்தில், தினமும் உட்கார்ந்து போகிறவள் ரோஸ்வித்தா. வயது ஐம்பத்து நான்கு. ஏழு வருடத்துக்கு முன் அவள் கணவன் காரோடு கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. ஊரில் பாதிப்பேர், "அடடா, நல்ல கார்" என்றார்கள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. மாவட்ட நகரத்து முதியோர் இல்லத்தில், சலவைப் பகுதியில், இந்த வருடம்தான் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். காலை ஏழரைக்குக் கை நனைந்திருக்க வேண்டும். இதுவரை இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. இரண்டாம் தடவை மேற்பார்வையாளர் அம்மாள் அன்பாகச் சிரித்து, மூன்றாம் தடவை நாம் பேசிக்கொள்ளவே தேவையிருக்காது என்று சொல்லியிருந்தாள். ஆறு மாதம் முடிய இன்னும் ஆறு நாள் பாக்கி. அந்த ஆறு நாளை ரோஸ்வித்தா, நிறைந்த தண்ணீர்க் குடத்தைச் சுமப்பதுபோலச் சுமந்துகொண்டிருந்தாள்.

முதல் தாமதத்துக்குக் காரணம் வெடித்த டயர். இரண்டாவதற்குக் காரணம் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. ஜூலை மாதத்தில் ஒருநாள் ஹூபர்ட் ஒரு தோட்டத்தின் ஓரம் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, "சீக்கிரம் ஏறுங்க, நேரமாகுது" என்று நான்கு நிமிடம் காத்திருந்தார். தொப்பி போட்ட அந்தப் பொம்மை ஏறவில்லை. வண்டியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த வளைவில் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சொன்னால் ஹூபர்ட்டை நிறுத்துவார்கள். ஹூபர்ட் நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் எட்டுப் பேரும் மலைமேலேயே கிடக்க வேண்டியதுதான். ஹூபர்ட்டும் வருடாந்திரக் கண் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போய் வந்தார். மருத்துவர் இருபது வருடமாக ஒரே எழுத்துப் பலகையை மாட்டியிருந்தார். ஹூபர்ட் அதை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மனப்பாடமாகச் சொன்னார். ஒரு வருடம் மருத்துவர் பலகையை எடுத்துச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தபோதும் சரியாகச் சொன்னாராம்.

வண்டிக்குக் கண்ணாக அமைந்தவன் கிப்ரோம். எரித்ரியாக்காரன், முப்பத்தெட்டு வயது, அகதிகளைத் தங்கவைத்திருக்கும் பழைய பள்ளிக்கூடத்தில் இருந்து ஏறுகிறவன். அவன் நாட்டில் பதினோரு வருடம் லாரி ஓட்டியவன். அந்த உரிமம் இங்கே ஒரு காகிதம், அவ்வளவுதான். வாரம் ஐந்து நாள் ஜெர்மன் வகுப்புக்குப் போகவேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, மொழிப்பயிற்சி என்ற பேரில், சாலையோரப் பலகைகளையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு வருவான். "வேகம் ஐம்பது." "இடப்பக்கம் கூர்மையான வளைவு." "மான்கள் கடக்கும்." பலகையே இல்லாத இடத்திலும் ஏதாவது வாசிப்பான். ஹூபர்ட் அதைக் கேட்டு ஓட்டுவார்; நடுநடுவே அவன் உச்சரிப்பையும் திருத்துவார். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். எண்பத்தொரு வயது மேர்டெஸ் அம்மா ஜெபமாலை உருட்டுவாள். அவள் உருட்டும் வேகத்தைப் பார்த்தால் வண்டியின் வேகம் தெரிந்துவிடும்.

நவம்பரில் அந்த வியாழக்கிழமை, மூடுபனி இறங்கியிருந்தது. முந்தின நாள் ஒரு பசு பனியில் வழிதவறி அடுத்த வீட்டுத் தொழுவத்துக்குப் போய் அங்கேயே பால் கறந்துவிட்டு வந்தது. இரண்டு வீட்டாருக்கும் மாலைவரை தெரியாது. ரோஸ்வித்தா நிறுத்தத்தில் நின்றபோது தன் செருப்பையே அவளால் பார்க்க முடியவில்லை. ஏறாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். ஆறு நாள் என்று சொல்லிக்கொண்டு ஏறினாள்.

சந்தைச் சதுக்கத்தில் வழக்கமில்லாத ஒருவர் ஏறினார். சிர்பெஸ். கார் பழுதுபார்க்கும் இடத்தில் இருக்கிறதாம். மோதிரம் போட்ட கையால் எல்லாருக்கும் கைகொடுத்து, பார்த்தீர்களா, பேருந்து இல்லாமலேயே எவ்வளவு அழகாக நடக்கிறது என்று மகிழ்ந்து, இருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட் வாரைப் பூட்டினார். ஹூபர்ட் ஆட்களை எண்ணுவது வார் பூட்டும் ஓசையை வைத்துத்தான். எட்டு ஓசை கேட்டாகிவிட்டது.

பழைய பள்ளிக்கூடத்தின் முன் வண்டிக் கதவு திறந்தது. கிப்ரோம் ஒரு காலைப் படியில் வைத்தான்.

ஹூபர்ட் முகத்தைத் திருப்பாமல், "எட்டு ஆயிடுச்சுப்பா. அடுத்த நடை பதினொன்றரைக்கு" என்றார்.

"ஹூபர்ட் ஐயா, இன்னைக்குப் பனி" என்றான் கிப்ரோம்.

"சட்டத்துக்குப் பனி வெயிலெல்லாம் தெரியாது."

ஒருவர் இறங்கினால் போதும். மேர்டெஸ் அம்மா சிர்பெஸிடம், "கார் வச்சிருக்கறவரு நீங்கதான், ஒருநாள் வீட்ல இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். அவர் தனக்குப் பத்து மணிக்கு முக்கியமான கூட்டம் என்றும், விதியை மதிக்கும் ஓட்டுநரைப் பாராட்டவேண்டும் என்றும் சொன்னார். எல்லாருடைய பார்வையும் சுற்றிச் சுற்றி ரோஸ்வித்தாவிடம் வந்தது. அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், இவன் இல்லாமல் இந்த வண்டி மலையிறங்கக்கூடாது என்று. இறங்கு இறங்கு என்று மனசு சொன்னது. கை, வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கிப்ரோம் முன் ஜன்னலுக்கு வந்து, அவளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. மூணாவது வளைவு மட்டும் மோசம். பலகை மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடி ரோட்டோரத்துல ஒரு கல் சிலுவை வரும், அது கண்ணுல பட்டதும் சொல்லிடணும். வளைவுல சொன்னா லேட்டு."

வண்டி கிளம்பியது.

ரோஸ்வித்தா வாசிக்கத் தொடங்கினாள். "வேகம் முப்பது" என்றாள்; பலகையில் எழுபது என்றிருந்தது. முதல் வளைவு பனியிலிருந்து திடீரென்று முளைத்தது. "எடப்பக்கம்" என்றாள். ஹூபர்ட் திருப்பினார். இரண்டாவது வளைவு. "வலப்பக்கம்." வண்டியின் பின்புறம் சற்று வழுக்கி நேரானது. அவள் ஹூபர்ட்டின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் கண்களைச் சுருக்கவில்லை. சுருக்கிப் பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை போல, காதைத்தான் அவள் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

அப்போதுதான் சிர்பெஸுக்குப் பொழுது போகவில்லை. "நீங்க எதுக்கும்மா பலகையெல்லாம் வாசிக்கிறீங்க?"

"ஜெர்மன் கத்துக்கறேன்" என்றாள் ரோஸ்வித்தா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம். எந்த ஊர்ல பொறந்தீங்க?"

"உங்க வீட்லேருந்து மூணு வீடு தள்ளி."

அதைச் சொல்லும்போது அவள் திரும்பிவிட்டாள். ஒரு நொடிதான். மறுபடி முன்னால் பார்த்தபோது கல் சிலுவை ஜன்னலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"எடது, ஹூபர்ட், எடது" என்றாள். சரளைக்கல் அடியில் கரகரத்தது. தடுப்புக் கம்பி முனகிக்கொண்டே வளைந்தது. வண்டி பாதி சுற்றி, சாலையை அடைத்துக் குறுக்கே நின்றது. அவளிருந்த பக்கத்து முன் சக்கரத்தின் கீழே ஒன்றுமில்லை. பனிதான் இருந்தது. ஏறி இறங்கும் கதவும் அந்தப் பக்கம்தான்.

ஜெபமாலை உருளும் சத்தம் நின்றுவிட்டது. ஜூலையிலிருந்து அது நின்றதே இல்லை.

சிர்பெஸ் முன்னால் குனிந்து, என்ன ஆயிற்று, ஓட்டுநருக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டார். அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"பனி" என்றார் ஹூபர்ட்.

ரோஸ்வித்தாவுக்குத் தெரியும், இதைச் சொன்னால் நாளைக்கு வண்டி இல்லை. "பனி இல்ல" என்றாள். "இவருக்குக் கண்ணு தெரியாது. ஜூலைலேருந்து தெரியாது. எங்க எல்லாருக்கும் தெரியும்."

ஹூபர்ட் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மேலே மலையில் எங்கோ ஒரு ஹாரன் கேட்டது. மரம் ஏற்றிவரும் லாரி. காலையில் ஏழு நிமிடத்துக்கு ஒன்று அந்த வழியாக இறங்கும். நாற்பது டன் எடை. பனியைப் பற்றி லாரிக்காரர்களுக்கு அக்கறையில்லை. மேர்டெஸ் அம்மா சிர்பெஸைப் பார்த்து, "உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே, வந்து பின்னால எடுங்க" என்றாள். அவர் வெளுத்துப்போய், தன் பெயர் ஓட்டுநர் பட்டியலில் இல்லை, காப்பீடு ஒப்புக்கொள்ளாது என்றார். ஹாரன் மறுபடி கேட்டது. இப்போது பக்கத்தில்.

ஓட்டுநர் ஜன்னலை யாரோ தட்டினார்கள். கிப்ரோம். வகுப்புக்கு ஒருநாள் போகாவிட்டாலும் அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். அதனால் பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஓடியே கடப்பது என்று கிளம்பியிருந்தான். மூச்சு வாங்கவில்லை. சக்கரத்தை ஒருமுறை பார்த்தான்.

"எல்லாரும் கடைசி சீட்டுக்குப் போங்க. மெதுவா. ரோஸ்வித்தா அக்கா கடைசில."

ஏழு பேர் ஒருவர்மேல் ஒருவராகப் பின்பக்கம் அடைந்தார்கள். ரோஸ்வித்தா வாரை அவிழ்க்கும்போது வண்டி மூக்கைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது. முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே இருந்த இரண்டு முழ தூரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சிர்பெஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கை ஐஸாக இருந்தது.

"நீ லாரி ஓட்டினவனாமே, நீயே ஏறி எடேன்" என்று அவர் கிப்ரோமிடம் கெஞ்சினார்.

"ஓட்டினா போலீஸ் பிடிக்கும் ஐயா. நடந்தா பிடிக்காது" என்றான் அவன். கதவுப் பையிலிருந்த மஞ்சள் எச்சரிக்கை மேலங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். "ஹூபர்ட் ஐயா, ரிவர்ஸ். என் குரலுக்கு வாங்க."

ஹூபர்ட் குரலுக்கு வந்தார். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வந்தார். அது அவருடைய பழைய தொழில். வண்டி ஓரம் கட்டி நிற்கவும், லாரி பனியைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் பாய்ந்து போகவும் சரியாக இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியின் பெயின்ட் மட்டும் அதோடு போயிற்று.

அங்கேயே நிற்க முடியாது. அடுத்த லாரி ஏழு நிமிடத்தில். திரும்பி மேலே போகவும் சாலையில் இடமில்லை. கிப்ரோம் முன்னால் போய் நின்றான். மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று கேட்டான். கறை மாதிரி தெரிகிறது என்றார் ஹூபர்ட். அந்தக் கறை நடந்தது. வண்டி அதன் பின்னால் ஊர்ந்தது. மிச்சமிருந்த எட்டு வளைவுகளும், அதன்பின் சமவெளிச் சாலையும், ஒரு மணி ஐம்பது நிமிடம். பின்னால் பதினைந்து லாரியும் நாற்பத்தொரு காரும் வரிசைகட்டின. ஒவ்வொரு காரிலும் ஒரே ஒரு ஆள். ஹாரன் அடித்து அடித்துக் களைத்து, கடைசியில் அவர்களும் கல்யாண ஊர்வலம் போலப் பேசாமல் வந்தார்கள். விதி மீறப்படவில்லை. வண்டிக்குள் எட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

மாவட்ட நகரத்து நிலையத்தில் நின்றபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. கிப்ரோம் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினான்.

சிர்பெஸ் இறங்கினவர்களை ஓரமாகக் கூட்டிவைத்துக்கொண்டார். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. இது வெளியே போனால் ஊர்வண்டியை மூடுவார்கள், பேருந்தை நிறுத்தியது யார் என்று கேள்வி வரும், யாருக்கும் நன்மையில்லை என்றார். பிறகு ரோஸ்வித்தா பக்கம் திரும்பினார்.

"உங்க மேற்பார்வையாளர் என் மைத்துனிதான். நான் ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்குத் தாமதமே ஆகல. வண்டில பேசினது வண்டியோட இருக்கட்டும். என்ன சொல்றீங்க?"

அவ்வளவு பயத்திலும் ரோஸ்வித்தாவுக்கு ஒரு கணம் உடம்பு லேசானது. அந்த ஆறு நாளும் பத்திரமாகக் கைக்குத் திரும்பி வந்தது. நாளைக் காலை ஆறு ஐம்பதுக்கு இதே வண்டி, இதே மலை. சிர்பெஸுக்கு மாலையில் கார் வந்துவிடும். மேர்டெஸ் அம்மா பையிலிருந்து ஜெபமாலையை எடுக்கப் பார்த்தாள். மாலை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

ரோஸ்வித்தா ஓட்டுநர் கதவைத் திறந்தாள். ஹூபர்ட்டின் முழங்காலுக்கு மேலே கையை நீட்டி, சாவியை உருவி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து வேகமாக நடந்தாள்.

முதியோர் இல்லத்தில் மேற்பார்வையாளர் அம்மாள் முன்போலவே அன்பாகச் சிரித்தாள். காரணம் கேட்டாள். ரோஸ்வித்தா எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இவ்வளவு பெரிய கற்பனை உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள் அந்த அம்மாள். முன்பு அவள் சொன்னபடியே, அதற்குமேல் பேசிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. அங்கிருந்து தபால் நிலையத்துக்குப் போய், வண்டியை நடத்தும் ஊர்வண்டிச் சங்கத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் நடந்ததை எழுதி இரண்டு கடிதம் போட்டாள்.

மதியம் நிலையத்துக்குத் திரும்பினால், ஹூபர்ட் சாவியில்லாத வண்டியில் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"சாவியக் கேட்டா குடுப்பியா?" என்றார்.

"மாட்டேன்."

"நல்லது. கேட்டுருவேனோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்."

பனி விலகி, நகரம் வெயிலில் கிடந்தது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"எட்டுப் பேரு தெனமும் ஏறுனீங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும், சரி, நமக்குக் கண்ணு தெரியுது போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உன்னோட வர்றதுக்கு எனக்குப் பயமா இருந்துச்சு ஹூபர்ட். நீ இல்லாம போயிடுவியேன்னு அதைவிடப் பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

ஹூபர்ட் கதவைப் பூட்டாமலே சாத்தினார். அவள் முன்னால் நடந்தாள். அவர் அவள் தோளில் ஒரு கையை வைத்துப் பின்னால் வந்தார். நகர எல்லையைத் தாண்டியதும் நடைபாதை முடிந்தது. மால்பெர்ஷைட்டுக்குப் போகும் சாலையில் ஓரமே கிடையாது. வெள்ளைக் கோடு, அதன்பின் சாக்கடை. அங்கே யாராவது நடப்பார்கள் என்று அதைப் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. கார்கள் அவள் முழங்கையை உரசிக்கொண்டு போயின. ஒவ்வொன்று வரும்போதும் அவள் நின்று, ஹூபர்ட்டைச் சாக்கடைப் பக்கம் ஒதுக்கி, அது போனபின் மறுபடி நடந்தாள்.